இருட்டுமுன் கரை சேரும் படகு

அறுபத்தெட்டாம் வருஷம். அந்தமானில் வேலை கிடைத்த செய்தியோடு என் கணவர் குந்துநாதன் காஞ்சிபுரத்திலிருந்து நடந்தே திருப்பருத்திக்குன்றம் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கவில்லை. நல்லவேளை. இறங்கியிருந்தால் அன்று அவருக்குச் சோறு கிடைத்திருக்காது. நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். மற்ற வீடுகளில் நோயாளிக்கும் குழந்தைக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். என் மாமியார் மதனவதி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். போர்ட் பிளேரிலிருந்து வேலை இருக்கும் தீவுக்கு இரண்டு வழி. பெரிய கப்பல் பத்திரம். ஆனால் போய்ச் சேரச் சாயங்காலம் ஆறு மணி ஆகிவிடும். அந்தப் பக்கம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுமாம். கப்பலில் கிடைப்பதும் மீன் சோறுதான். இன்னொன்று மோட்டார் படகு. பழசு, ஆட்களை அடைத்துக்கொண்டு போவான். ஆனால் மத்தியானமே கரை சேர்த்துவிடுவான்.

"பெரிய கப்பல்லயே போங்க. ஒரு வேளை பட்டினி கெடந்தா உசிரா போயிடும்?" என்றேன்.

"நீ சும்மா இரும்மா," என்றார் மாமியார். "பசி வந்தா இருட்டுல சோத்துல கை வச்சிடுவான். குந்து, நீ படகுல போப்பா. வெளிச்சத்துல எறங்கி வெளிச்சத்துல சாப்புடு."

அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. படகில்தான் போனார்.

படகு கவிழ்ந்ததாகத் தந்தி வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மாமியார் அழுதார். அழுது முடித்து, பக்கத்து வீட்டு விஜயா கொண்டுவந்த சோற்றை என் முன்னால் நகர்த்தி, "இருட்டுறதுக்குள்ள சாப்புட்டுடு" என்றார். அந்தக் கையைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது எனக்கு.

அடுத்த வாரம் ஒரு நாள், விளக்கு வைத்ததும் பின்கட்டில் உப்புத் தண்ணீர் வாடை அடித்தது.

ஈரக்கால் சத்தம்.

சமையலறை வாசலில் வந்து நின்றது.

"அம்மா, பசிக்குதும்மா."

அவர் குரல்தான். மாமியார் காதிலும் விழுந்தது. எழுந்து ஓடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"பொழுது சாஞ்சிடுச்சுப்பா. காலையில வா."

பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

காலையில் இலை போட்டுப் பரிமாறி வைப்பார். யாரும் வராமல் சோறு காய்ந்து கிடக்கும். இருட்டியதும் அதே ஈரக்கால், அதே கெஞ்சல். நாளாக ஆகக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. செத்த பிறகும் என் புருஷன் பட்டினியில் இளைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. இருட்டிய பிறகு சோற்றைப் பிசைந்து வாசற்படியில் வைத்தேன்.

"வேணாம் அஞ்சனா! வெரதம் கெட்டுடும்!"

"உங்க வெரதம்தான் அவர முழுங்கிச்சு."

விளக்கு அணைந்தது. அவசர அவசரமாக மெல்லும் சத்தம். இலையை நக்கும் சத்தம். பிறகு என் காதருகே குளிர்ந்த மூச்சு.

"இன்னும் இருக்குதா? வெளிய எல்லாரும் நின்னுக்கினு இருக்காங்க."

எல்லாரும்.

புழக்கடை முழுக்க ஈரக்கால்கள். படகில் போன அத்தனை பேரும். தெரியாத பாஷைகளில் கேட்டார்கள். கேட்டது சோறுதான் என்று புரிந்தது. பானை காலியாயிற்று. மூட்டையிலிருந்த பச்சரிசியும் தீர்ந்தது. அப்புறம் எல்லாக் கால்களும் மாமியார் உட்கார்ந்திருந்த மூலைக்குத் திரும்பின.

நான் குறுக்கே போகவில்லை. போக மனமும் இல்லை.

விடிந்ததும் விஜயா வந்து பார்த்து அலறினாள். மாமியார் சுவரில் சாய்ந்தபடி இறந்திருந்தார். திறந்த வாய் நிறையத் தண்ணீரும் மணலும். பாலாற்று மணல் எனக்குத் தெரியும். இதில் சிப்பித் துண்டுகள் கிடந்தன.

இப்போது தினமும் பெரிய பானையில் வடித்து வைக்கிறேன். வைக்காவிட்டால் அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நேற்றும் வந்தார்கள். தின்றார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் பின்னால் தயங்கி நின்றதை உணர்ந்தேன். மற்றவர்கள் போன பிறகு, இருட்டிலிருந்து ஒரு கிழட்டுக் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்தது.

"அஞ்சனா, எனக்கும் ஒரு பிடி போடும்மா."

பானையின் அடியில் ஒரு பிடி மிச்சம் இருந்தது.

அதை வழித்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கை இன்னும் தலைப்பை விடவில்லை.