வாடும் சரக்கு

விமானத்தில் மனிதர்கள்தாம் போவார்கள் என்று நினைத்திருந்தாள் செல்லத்தாய். பூவும் போகும் என்று அப்பா பொன்னுலிங்கம் சொன்னபோது வாயைப் பிளந்தாள்.

ஆமாம் மக்களே, நாடு விடுதலை பெற்று ஐந்தாறு வருஷம் ஆன சமயம் அது. தோவாளையில் விடியுமுன் பறித்த பிச்சி மொட்டு, விமானம் ஏறினால் அன்று மாலையே மதராஸில் மலரும். அங்கே ஒரு கல்யாண வீடு காத்திருந்தது. இந்தக் கூடை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மதராஸ் வியாபாரி தினமும் பூ எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

மூன்று மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, அப்பாவும் மகளும் விமான நிலையம் வந்தார்கள். சரக்கு எடை போடும் நீலகண்டன் உதட்டைப் பிதுக்கினார்.

"பத்து ராத்தல் கூடுதல். ஏத்த முடியாது."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

செல்லத்தாய் கூடையைத் தொட்டாள். பூ வாடாமலிருக்க அப்பா சுற்றியிருந்த ஈரச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, நாம பூவையா அனுப்பப் போறோம், கொளத்தையா?"

நீலகண்டன் சிரித்துவிட்டார். அவள் சாக்கை உருவினாள். அப்பாவின் தோளில் கிடந்த துண்டால் பூவை மூடினாள். எடை சரியாகிவிட்டது.

நீலகண்டன் கூடையில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சாரே?"

"வாடும் சரக்கு, உடனே ஏற்றவும்னு, மக்கா."

அப்போது ஒரு பெரிய கார் வந்து நின்றது. சரிகை வேட்டிக்காரர் ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் ஆறு பலாப்பழங்கள் இறங்கின; எங்கள் பக்கத்தில் அதைச் சக்கை என்போம். மதராஸ் மருமகனுக்காம்.

நீலகண்டன் செல்லத்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "பாரம் கூடிப்போச்சு. பூவு நாளைக்குப் போகட்டும்."

"நாளைக்கு அது பூவா இருக்காதே, சாரே!"

"நான் என்ன செய்ய? பெரிய எடம்."

விமானம் பலாப்பழங்களோடு பறந்தது.

அப்பா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "இனி அந்த வியாபாரி நம்மளை நம்புவாரா?"

செல்லத்தாய் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையைச் சுற்றியிருந்த வாழைநாரை அவிழ்த்துக் கிழித்தாள்.

"எழும்புங்கப்பா. மொட்டு விரியதுக்குள்ள கெட்டிருவோம். கோயில் நடையில விக்கலாம்."

விமான நிலைய வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த தாணம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து, கூடவே கட்டினாள். முதல் முழம் அவள் கொண்டைக்குத்தான்.

புறப்படும்போது செல்லத்தாய் சிவப்புச் சீட்டை நீலகண்டனின் மேசைமேல் வைத்தாள்.

"வச்சுக்கிடுங்க சாரே. அடுத்த சக்கைக்குக் கெட்டலாம்."

அவர் தலை நிமிரவில்லை. அந்தச் சீட்டு மட்டும் பிச்சி மணத்தது.