நேர்ந்துவிட்ட ஆடு

கொட்டகைக்குள் நுழைந்ததுமே புளித்த வாடை ஜீவிதாவின் மூக்கில் ஏறியது. ஆட்டின் பின்னங்கால்களில் கழிச்சல் வழிந்து மயிர் ஒட்டிக் கிடந்தது. போன வாரம் இதனுடையது என்று கணவன் ரோஷன் டப்பாவில் கொண்டுவந்து தந்த புழுக்கையோ நன்றாகக் காய்ந்து, உருண்டையாக இருந்தது.

தான் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வகத்தில் அதைச் சோதித்தவள் அவள்தான். அமீபாக் கூட்டுக்குள் ஒரே ஒரு உட்கரு. ஆட்டுக் குடலில் சும்மா கிடக்கும் சாது ரகம் என்று நினைத்தாள். மகள் அனிஷாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, டாக்டர் ஆட்டைப் பற்றிக் கேட்டபோதும், நானே பார்த்துவிட்டேன் என்று தெம்பாகச் சொன்னாள். அனிஷா அந்த ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேதான் திரிந்தாள். போன வருஷம் அவள் டைபாய்டில் பிழைத்ததற்காக, சர்ச் திருவிழா அன்னதானத்துக்கு நேர்ந்துவிட்ட ஆடு அது.

இன்று ஆட்டின் கழிச்சலைத் தன் கையாலேயே எடுத்தாள். அகரம் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. கூரைத் தகரத்தில் தூறல் விட்டுவிட்டுத் தட்ட, சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு கத்தாமல் மூச்சு மட்டும் இழுக்க, வீட்டிலிருந்த பழைய மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் செல்போன் வெளிச்சத்தை விழவைத்து மெல்லத் திருகினாள். கூடு தெரிந்தது. உள்ளே நான்கு உட்கரு.

நான்கு என்றால் இரண்டு ரகத்தில் ஒன்று. ஒன்று பேசாமல் கிடக்கும். மற்றது மனிதக் குடலை அரித்து ஈரலுக்கு ஏறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கூட்டை விட்டு வந்து உயிரோடு ஊரும் அமீபா ரத்த அணுவை விழுங்கியிருந்தால்தான் கொடியது என்று தெரியும்.

"என்னங்க, அன்னைக்குக் கொண்டாந்த புழுக்கை யாரு ஆட்டோடது?"

ரோஷன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"பெலிக்ஸ் வீட்டு ஆட்டோடது. சீக்குன்னு நீ ரிப்போர்ட்டு எழுதிட்டா சர்ச்சுல வாங்க மாட்டாக. நேந்துக்கிட்டது புள்ளைக்காகத்தானே."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கண்ணை வைத்தே அவளை ஏமாற்றியிருக்கிறான். அவள் வாயாலேயே டாக்டரையும்.

பாத்ரூமிலிருந்து அனிஷா கூப்பிட்டாள். "அம்மா, மறுபடியும் வருது."

ஓடினாள். சூடு ஆறுமுன் மலத்தில் ஒரு சொட்டு எடுத்துவந்தாள். புது ஸ்லைடு. வெளிச்சம். திருகினாள்.

ஒன்றுமில்லை.

பிறகு ஓரத்தில் ஏதோ அசைந்தது. கண்ணாடி போன்ற ஒரு கால் நீண்டது. உடம்பு அதன் பின்னால் வழிந்தது. வயிற்றுக்குள் உருண்டையாகச் சில அணுக்கள். அனிஷாவின் ரத்தம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னொன்றைச் சுற்றி வளைத்து மூடியது.