இடப்பக்கம், ஜன்னலோரம்

நாத்தனார் வந்து இறங்கியபோதே கையில் ரப்பர் பட்டை போட்ட கோப்பும் முகத்தில் கடுகடுப்பும் இருந்தன. வக்கீல் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்ப்பவள் அவள். ஊரார் வழக்குக்கெல்லாம் காகிதம் அடுக்கிக் கொடுத்தவளுக்குத் தம்பி வீட்டுக் காகிதம் ஒரு பொருட்டா? ஆனால் இந்தக் கோப்பு சரியில்லை என்றால் தம்பி மனைவி பெட்டி கட்ட வேண்டியதுதான். தம்பி இந்த நாட்டுக் குடிமகன். அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் மட்டுமே அவளுக்கு இங்கே இடம். அந்தக் கல்யாணம் மெய்யானது, காகிதத்துக்காகச் செய்துகொண்டது அல்ல என்று அன்று முற்பகல் குடிவரவு அலுவலக நேர்காணலில் இருவரும் மெய்ப்பிக்க வேண்டும்.

மருமகள் சமையலறை மேசையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தாள்.

"டீ குடிக்கிறீங்களா அண்ணி?"

"எல்லாம் அப்புறம். ஆந்தை எங்க?"

"குளிக்கிறார். இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தார்."

ஆந்தை என்பது தம்பிக்கு அக்கா வைத்த பெயர். ரொட்டிக் கடையில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது அடுப்பின் முன் நிற்பான், ஊர் விழிக்கும்போது போர்வைக்குள் போவான். நல்லவன்தான். ஆனால் அவன் வயிற்றில் ஒரு சொல் தங்காது. காலையில் மனைவி சொன்னது மதியத்துக்குள் போன் வழியாக அக்கா காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வீட்டில் நடந்த அத்தனைக்கும் பாதிக் காரணம் அந்த ஓட்டை வாய்தான்.

கல்யாணச் சான்றிதழ் இருந்தது. இருவர் பெயரும் போட்ட வாடகை ஒப்பந்தமும் மின்சார ரசீதும் இருந்தன. போட்டோ உறையைப் பிரித்து மேசையில் பரப்பிய நாத்தனார் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பூங்காவில் தம்பி. சக்கர நாற்காலியில் அம்மா. அம்மாவும் தம்பியும் கேக்கின் முன்னால்.

"இதுல எல்லாம் நீ எங்கம்மா?"

"நான்தான் எடுத்தேன் அண்ணி."

"எல்லாத்தையுமா?"

ஒன்றில் மட்டும் ஓரமாக அவளுடைய முழங்கை விழுந்திருந்தது. நாத்தனார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்த முழங்கையக் காட்டி இதான் பொண்ணுன்னு சொல்லவா?"

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த தம்பி சிரித்துவிட்டான். மருமகளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அன்று அதோடு சிரிப்பு முடிந்தது.

"ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சுக் கேப்பாங்க. பதில் ஒண்ணா இருக்கணும். இப்ப நான் கேக்கறேன், சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார், அவனுக்கு என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, அடுப்புத் தட்டு சுட்ட தழும்பு எந்தக் கையில்... மருமகள் தடுமாறாமல் சொன்னாள். மனைவிக்குச் செருப்பு வாங்கினால் கடைக்காரன் சொல்லும் அளவுக்கு ஒன்று கூட்டி வாங்க வேண்டும் என்பதுவரை தம்பிக்கும் தெரிந்திருந்தது. நாத்தனாரின் முகம் கொஞ்சம் இளகியது.

"சரி. கட்டில்ல யார் எந்தப் பக்கம் படுப்பீங்க?"

தம்பி கரண்டியை எடுத்து அதில் எதையோ தேடினான். மருமகள் குனிந்துகொண்டாள்.

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று எழுந்து தம்பியின் அறைக்குள் போனாள். பெரிய கட்டில், ஒற்றைத் தலையணை. அலமாரியைத் திறந்தால் அத்தனையும் சட்டைகள். அங்கிருந்து அம்மாவின் அறைக்குப் போனாள். மருமகளின் உடுப்பு முழுவதும் அங்கே இருந்தது. சுவரில் ஒரு மடக்குக் கட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததிலேர்ந்து" என்றான் தம்பி.

"அம்மா கூப்பிட்டாங்களா?"

"இல்லக்கா... அவளேதான். கேட்டேன். எனக்கு லீவு ராத்திரியிலகூட அங்கதான் தூக்கம் வருதுன்னா."

மனைவியைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் வெகுநாளாக விழுங்கி வைத்திருந்த வலி அந்தச் சொல்லில் வெளியே வந்துவிட்டது. அது அவன் மனத்தில் இத்தனை ஆழமாகத் தைத்திருக்கிறது என்பது மருமகளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"என் தம்பி பக்கத்துல உனக்குத் தூக்கம் வரல. அவன் நாட்டுல மட்டும் வருதோ?" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, அப்படி இல்ல..."

"எப்படின்னு நீயே சொல்லு. கேக்கறேன்."

நாத்தனார் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். "இவங்க புருஷன் பொஞ்சாதியா வாழறது எனக்கு நேர்ல தெரியும்னு நான் அடிச்ச காகிதம் இது. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். இதையே தொழிலா வச்சிருக்கிறவ நான். பொய்யா ஒரு கையெழுத்து என் கையால விழாது." தாள் அவளுடைய கைப்பைக்குள் போனது.

மருமகள் பக்கத்து அறையைப் பார்த்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருப்பவள் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அவள் காத்திருந்தாள். ஒரு இருமல் வந்தது, அவ்வளவுதான்.

மாமியார் தனி ஆளாகத் தையற்கடை நடத்தியவள். மடிப்புக் கலைந்த உடுப்போடு யாரும் அவளைப் பார்த்ததில்லை. பக்கவாதம் வலப்பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று இதே மேசையில் உட்கார்ந்து மகள் தம்பியிடம் சொன்னாள்: "படுக்கையிலயே எல்லாம் போற நிலை வந்துட்டா வீட்ல வச்சுப் பார்க்க முடியாதுடா. இல்லத்துல சேர்த்துடலாம்." கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அது உள்ளறைக்குக் கேட்டது. அன்றே படுக்கை நனைந்தது. மாமியார் இடக்கையால் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம். சத்தியம் பண்ணு" என்றாள். மருமகள் பண்ணினாள். கணவனிடமாவது சொல்லியிருக்கலாம். அவனிடம் சொல்வதும் தெருவில் நின்று சொல்வதும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து அந்த மடக்குக் கட்டில்தான். அவ்வப்போது எழுந்து புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், நனைந்ததை மாற்ற வேண்டும், அவன் வேலை முடிந்து வருவதற்குள் விரிப்புகளைத் துவைத்துப் போட வேண்டும்.

உடுப்பு மாற்ற உள்ளே போனவளிடம் மாமியார் மெல்லிய குரலில் சொன்னாள்: "என்னை அவகூடத் தனியா விட்டுட்டுப் போயிடாத. நானும் வர்றேன்."

"அத்தை... வெளியில பேசினதெல்லாம் கேட்டீங்கதானே?"

மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டாள். "சொல்லிடாதம்மா."

மருமகளுக்கு அவள் மீது அன்றுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. அதோடேயே அவளைத் தூக்கி உட்கார வைத்துப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள், தலை வாரிவிட்டாள். ஒரு பெரிய பையில் சாமான்களை அடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நேர்காணலுக்குத்தானே போறோம்? ஊருக்கே போற மாதிரி மூட்டை எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

மருமகள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அலுவலக வாசலில் நால்வரும் இறங்கியதும் கணவன் அவளைத் தள்ளி நிறுத்தினான். ராத்திரி முழுதும் விழித்த கண்கள் சிவந்திருந்தன. "கேட்டா இடப்பக்கம், ஜன்னலோரம்னு சொல்லிடு. நானும் அதையே சொல்றேன்."

"பொய்யாங்க?"

"அது உனக்குன்னு விட்டு வச்ச பக்கம்தான். நான் அந்தப் பக்கம் புரள்றதுகூட இல்ல."

அவளுக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷனையா பிடிக்கவில்லை என்று நினைக்க வைத்துவிட்டோம்...

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பையை நாத்தனார் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். சின்ன அறை. ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு இளைஞன். கையை உயர்த்தி உண்மையைத்தான் சொல்வேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். கேள்விகள் வந்தன. தழும்பைப் பற்றி அவள் சொன்னபோது அதிகாரி லேசாகப் புன்னகைத்தாள். கோப்பில் உறவினர் சாட்சி ஒன்றுகூட இல்லையே என்று கேட்டாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

இடப்பக்கம், ஜன்னலோரம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தன் கல்யாணத்தில் பொய் எதுவுமில்லை; அதை ஒரு பொய்யால் மெய்ப்பிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் அவர் அறையில படுக்கிறதில்லைங்க. என் மாமியார் அறையில படுக்கிறேன்."

"ஏன்?"

"அவங்களுக்குத் துணைக்கு."

"ஒரு நாள்கூட விடாமலா? ராத்திரி அவங்களுக்கு அப்படி என்ன உதவி வேணும்?"

அவள் கைகளைப் பிசைந்தாள். "அதுக்கு மேல நான் சொல்லக் கூடாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

அதிகாரி நெடுநேரம் எழுதினாள். மருமகள் வெளியே வரும்போது கணவன் உள்ளே போனான். என்ன சொல்லப்போகிறான் என்று தெரியும். தடுக்க வழியில்லை, கதவு மூடிவிட்டது.

காத்திருப்போர் வரிசையில் சக்கர நாற்காலியைக் காணோம். அது நின்ற இடத்தைத் துப்புரவுப் பணியாள் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் கழிப்பறைப் பக்கம் ஓடினாள்.

பெரிய பை தரையில் திறந்து கிடந்தது. மாற்று உடுப்பு, ரப்பர் விரிப்பு, ஈரத்துணி, பவுடர், நனைந்ததைப் போட்டுக்கொள்ள முடிச்சுப் பை... எல்லாம் வரிசையாக வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. நாத்தனார் தரையில் மண்டியிட்டு அம்மாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தை இடக்கையால் மூடியிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனேம்மா. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்..." மகளின் குரல் உடைந்தது.

"சொன்னா இல்லத்துல போட்டுடுவியே."

நாத்தனார் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. தான் எப்போது அப்படிச் சொன்னோம் என்பது அவளுக்கு மெதுவாக நினைவுக்கு வந்தது. வாசலில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்குத்தானா? இதுக்குத்தான் அந்த அறையில படுத்தியா?"

"அவளை ஒண்ணும் கேக்காத" என்றாள் மாமியார். முகத்திலிருந்து கையை எடுத்தாள். "வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான். காலையில நீ அவளை என்னென்ன சொன்னேன்னு எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். கேட்டுட்டும் பேசாம கிடந்தேன். உன்னைவிட நான்தான் அவளுக்குப் பாவம் பண்ணினவ."

நாத்தனார் எழுந்து வந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. "என்னை நாலு திட்டு திட்டிடும்மா. இப்படி நிக்காத."

மருமகள் திட்டவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்து, இத்தனை காலம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அதிகாரி எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள். கணவன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். இருவரில் ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறார் என்று இளைஞன் மொழிபெயர்த்தான்.

"பொய் சொன்னது நான்தான்" என்றான் கணவன். "அவ சொன்னது நெஜம். ஏன்னு எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் மாமியார். நாற்காலியை மேசைக்கு அருகே தள்ளச் சொன்னாள். மகனைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். "எனக்கு ராத்திரியில அடக்க முடியாது. படுக்கையிலயே போயிடும். இவதான் துடைக்கிறா, மாத்தறா, துவைக்கிறா. என் மகனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது."

இளைஞன் தயங்கினான். குரலைத் தாழ்த்தி மொழிபெயர்க்க ஆரம்பித்தான்.

"சத்தமாச் சொல்லுப்பா" என்றாள் அவள். "நான் சொன்னதை ஒண்ணு விடாமச் சொல்லு."

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் தலை நிமிர்ந்தே இருந்தாள். நாத்தனார் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அதிகாரியின் கண்ணெதிரே சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி மனம் இரங்கியதுபோல்தான் தெரிந்தது. ஆனால் இரக்கம் வேறு, விதி வேறு. கணவன் சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய் பதிவாகிவிட்டது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள், பதில் தபாலில் வரும், எதுவாகவும் இருக்கலாம் என்றாள்.



வீட்டுக்கு வந்ததும் கணவன் கடைக்குப் போன் போட்டு இன்று வரமுடியாது என்றான். தன் அறைக்குப் போய், ஜன்னலோரம் அவளுக்கென்று விட்டு வைத்த பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் அறையில், மடக்குக் கட்டில் பக்கத்தில் தரையில் போட்டான். இத்தனை நாள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்துகொண்டு என்னென்னவோ நினைத்தோமே என்று அவனுக்குத் தாங்கவில்லை.

"இன்னிலேர்ந்து நான் பார்த்துக்கறேன். அம்மாவை எப்படித் திருப்பறதுன்னு காட்டு."

"இப்பவேவா? நல்லாத் தூங்கி எழுந்திருங்க முதல்ல."

"காட்டு."

அவள் அவனருகே வந்து நின்றாள். தபாலைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆனால் அவள் ரப்பர் விரிப்பு இருக்கும் அலமாரித் தட்டைக் காட்டினாள், பவுடர் எங்கே என்று காட்டினாள், துவைக்கும்போது வெந்நீர் கூடாது என்றாள். நாளைக்கே கிளம்பப்போகிறவள் வீட்டை ஒப்படைப்பதுபோல் ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னாள். வாசலில் நின்ற நாத்தனார் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டே இருந்தாள்.

கணவன் சட்டென்று நிமிர்ந்தான். "இங்க இருக்க அனுமதி வராதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

அவள் அவன் கையை எடுத்து மாமியாரின் தோளுக்கு அடியில் வைத்தாள்.

"இடப்பக்கம் திருப்பும்போது அந்த வராத கையை முதல்ல எடுத்து நெஞ்சு மேல வைங்க. இல்லாட்டி பின்னால மாட்டி இழுபடும். அவங்களுக்கு வலிச்சாலும் சொல்ல மாட்டாங்க."