கிளோன்பாராவின் கடைசிக் காவல்

மலாக்கி மடாலயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவன் மனைவிக்கான குழி இடுப்பளவுதான் இறங்கியிருந்தது. மழை பிடித்த நவம்பர் காலை. கூரையில்லாத கோயிலுக்குள் நின்று பார்ட்லி மண்ணை வாரிக்கொண்டிருந்தான். முப்பது வருஷமாகக் குழி வெட்டுகிறவன். சாவு வீட்டுக்காரனின் முகம் பார்த்துப் பேச மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"சீக்கிரம் முடிப்பா. மூணு மணிக்கு வந்துடுவோம்," என்றான் மலாக்கி.

"அவசரப்படுத்தாத. இன்னைக்கு எனக்கு ரெண்டு குழி. ஃபிண்டனோட சின்னப் பொண்ணு ரோஷீன் நேத்து போயிடுச்சு. காய்ச்சல். ஆறு வயசு. அவங்களும் மூணு மணிதான்."

மலாக்கி அதற்குமேல் நிற்காமல் வந்த வழியே வேகமாகத் திரும்பி நடந்தான்.

அயர்லாந்தின் அந்த மேற்கு மூலையில் இந்த அவசரத்துக்குக் காரணம் கேட்க ஆளில்லை. வெள்ளை அங்கித் துறவிகள் எழுநூறு வருஷத்துக்கு முன் கட்டிய மடம் அது. பின்னால் இங்கிலாந்து ராஜாவின் ஆட்கள் வந்து மணிகளை இறக்கினார்கள், கூரையின் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டார்கள், துறவிகளை விரட்டினார்கள். வாசல் காத்த கிழத்துறவி மட்டும் நகரவில்லை. மாற்று ஆள் வராமல் வாசலை விடக் கூடாது என்பது மடத்துச் சட்டம். மாற்று ஆள் வரவேயில்லை. அவர் வாசலிலேயே செத்துப்போனார்.

அன்றிலிருந்து அங்கே இறந்தவர்கள்தான் காவல். கடைசியாகப் புதைக்கப்பட்டவர் வாசலில் நிற்க வேண்டும். அடுத்த சவம் உள்ளே வந்தால்தான் அவருக்கு ஓய்வு. வாசல் சாவி கை மாறுகிற சத்தத்தைக் கேட்டதாகச் சத்தியம் செய்யாத குடிகாரன் கிளோன்பாராவில் கிடையாது.

அவன் மனைவி எத்னாவும் படுக்கையில் கிடந்தபடி அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "ஒரு மாசமோ ரெண்டு மாசமோ நின்னுட்டுப் போறேன், விடுங்க. இந்த ஊர்ல சாவுக்கா பஞ்சம்? அதுவரைக்கும் போற வர்றவங்க வம்பெல்லாம் காதுல விழும்ல."

அவளுக்குத் தெரியாத ஒன்று மலாக்கிக்குத் தெரியும். சுவர்கள் சரிகின்றன என்று அந்த மயானத்தை மூட உத்தரவாகியிருந்தது. இன்றோடு சரி. நாளை முதல் எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம், புது மயானத்துக்கு. பங்குச்சாமியார் ஞாயிறு பூசையில் அறிவித்தபோது எத்னா எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அவள் காதில் அது விழாதபடி மலாக்கி பார்த்துக்கொண்டான்.

இன்று கடைசியாக உள்ளே போகிறவருக்கு மாற்று ஆளே வரப்போவதில்லை.

இரண்டரைக்கே சவப்பெட்டியைத் தூக்கச் சொன்னான். எத்னாவின் அண்ணன் கோல்மன் முன்னால் தோள் கொடுத்தான். மேட்டில் ஏறியதும் கீழே மடத்தின் கம்பிக் கதவு தெரிந்தது. ஆற்றுப் பாதையில் ஃபிண்டன் வந்துகொண்டிருந்தான். ஆறு வயதுப் பெட்டிக்கு நாலு தோள் எதற்கு? இரண்டு கையிலும் ஏந்தி அவனே நடந்தான். அவன் வாசலை எட்ட இன்னும் நூறடி இருக்கும்.

"மச்சான், வடக்குச் சுவர் இடிஞ்சு கிடக்கு. வயல்ல இறங்கு," என்றான் மலாக்கி.

"உனக்கென்ன பைத்தியமா? வாசல் இருக்கறப்ப என் தங்கச்சிய சுவரேத்திக் கொண்டு போறதா?"

"இறங்குன்னா இறங்கு. காலத்துக்கும் அவள அங்க நிக்க விடமாட்டேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சேற்றில் வழுக்கி, முள்ளில் கோட்டைக் கிழித்துக்கொண்டு நாலு பேரும் ஓடினார்கள். பெட்டியைச் சுவருக்கு மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். பெட்டிக்குள் எத்னா ஒரு முறை புரண்ட சத்தம் மலாக்கிக்குக் கேட்டது.

வாசலில் ஃபிண்டன் அப்படியே நின்றுவிட்டான். பார்த்தான். பிறகு மகளை ஏந்திக்கொண்டு கதவு வழியாக, கடைசியாக, உள்ளே வந்தான்.

பார்ட்லிதான் வாயைத் திறந்தான். "ஜெயிச்சுட்ட போலிருக்கே. ஆனா சுவரேறி வந்தவங்கள இந்த மடம் வந்ததாவே சேத்துக்காதும்பாரு எங்கப்பா."

"உன் வேலையப் பாரு."

அவன் வேலையைப் பார்த்தான். இரண்டு குழியும் மூடியாயிற்று. எல்லோரும் போனதும் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான்.

வீட்டில் உறவுக்காரர்கள் பன்றிக்கறியும் விஸ்கியும் பரிமாறினார்கள். மலாக்கிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஆறு வயதுக் குழந்தையைத் தள்ளிவிட்டு இடம் பிடித்தவன் என்று அவனுக்கு அவனே அருவருப்பாக இருந்தான். பொழுது சாயும் நேரம் எழுந்து நடந்தான். அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மழை விட்டிருந்தது. காக்கைகள் அடங்கிவிட்டன. இடிந்த ஜன்னல் வளைவுகளில் மிச்ச வெளிச்சம் கொஞ்சம் தொங்கியது. அணைத்த மெழுகுத்திரியின் வாசம் வந்தது. அங்கே யாரும் திரி ஏற்றியிருக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், கல்லில் இரும்பு உரசியது.

"மாமா."

அவன் கம்பியை நெருங்கினான். "ரோஷீன்?"

"ம். முன்னாடி நின்ன தாத்தா சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ரொம்பக் கனமா இருக்கு."

மலாக்கி சேற்றில் மண்டியிட்டான். "தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. பயமா இருக்கா?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப ஒரு அத்தை வெளில சுவரச் சுத்திச் சுத்தி வர்றாங்க. அவங்கள உள்ள சேக்கலையாம். வழி கேக்கறாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"உங்க பக்கத்துலதான் நிக்கறாங்க."

அவன் திரும்பவில்லை.

இடது தோளருகே ஈரக் கம்பளியின் வாசம். அதோடு கற்பூரத் தைலம். ஆறு மாதம் அவன் கையாலேயே அவள் முதுகில் தேய்த்துவிட்டது.

"தொறக்கட்டுமா மாமா? தொறந்தா அவங்கதான் கடைசியா வந்தவங்களாம், சாவிய அவங்ககிட்ட குடுத்துடணுமாம். அப்புறம் நான் போயிடலாமாம்."

எத்னாவைக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். வீட்டுக்கே கூட்டிப் போய்விடலாம். ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் குழந்தை கனம் தாங்காமல் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது கேட்டது.

"தொற," என்றான்.

சங்கிலி அசையவில்லை. அவன் சட்டைக் கையை மட்டும் ஏதோ உரசிக்கொண்டு போயிற்று. உள்ளே சின்னக் கால்கள் புல்லில் ஓடின. கோயில் வரை ஓடி நின்றன.

கல்லில் மறுபடி இரும்பு உரசியது.

பிறகு கம்பிக்கு மிக அருகில் எத்னா பேசினாள். களைத்துப்போன, ஆனாலும் சிரிக்கப் பார்க்கிற குரல்.

"என்னங்க... அடுத்தவங்க எப்ப வருவாங்க?"

மலாக்கி பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாளைக்கு," என்றான்.

மறுநாளும் பொழுது சாயும் நேரம் போனான். அவள் கேட்டாள்.

"நாளைக்கு," என்றான்.