பதினோரு டியூப் ரெசின்

விரிசல் வளைந்து வந்து தன் வாலைத் தானே தேடாது. பதினெட்டு வருடமாக வட சிலாங்கூரில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கான்கிரீட் விரிசல்களை அடைத்துவரும் ஜெயந்தனுக்கு அவற்றின் குணம் அத்துபடி. கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடினால் அடிமண் இறங்குகிறது. மீன்வலை மாதிரி மெல்லிதாகப் பரவினால், கலவை இறுகுமுன்பே வெயில் அதன் ஈரத்தைக் குடித்துவிட்டது. துருக்கறை கசிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது.

ஈஜோக்கில் நஜீபா வீட்டுப் பின்னறையில் இருந்தது இதில் எதிலும் சேரவில்லை. கட்டிலை நகர்த்தியதும், தரையில் ஓர் ஆள் நீளத்துக்கு முட்டை வடிவில் ஒரு கோடு தெரிந்தது. அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட ஒரு சாண்தான் பாக்கி.

"ரெண்டு வாரத்துக்கு முன்ன இவ்ளோ நீளம் இல்லண்ணே," என்றாள் நஜீபா, இடுப்பில் கை ஊன்றியபடி. அவளுக்கு எட்டாம் மாதம். மாடி ஏற முடியாமல் இந்த அறையில்தான் படுக்கிறாள். கணவன் அப்துல் மஜீது கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். பகல் முழுக்க அங்கேதான். "படுத்தா கீழேருந்து காத்து வருது. அவருகிட்ட சொன்னா சிரிக்கிறாரு."

"செம்பனைக் காடா இருந்த மண்ணு லா இது. தண்ணி வடிஞ்சா அமுங்கும், தரைக்கு அடியில இடைவெளி விழும். ரெசின் ஏத்தி அடைச்சிட்டா போதும், தங்கச்சி."

விரிசலின் மேல்வாயைப் பசையால் பூசி, சாணுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் மூக்குகளைப் பதித்து, பசை இறுகும்வரை காத்திருந்தான். முறை எளிது. பிசின் துப்பாக்கியில் டியூப்பை மாட்டி, ஒரு மூக்கு வழியாக ரெசினை அழுத்தினால் அது உள்ளே பரவி அடுத்த மூக்கில் எட்டிப் பார்க்கும். முதலாவதை மூடிவிட்டு அங்கே போக வேண்டியதுதான்.

முதல் டியூப் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. வெளியே மழை கட்டி நின்றது. ஜன்னலுக்கு அப்பால் செம்பனை வரிசைகள் மூன்று மணிக்கே கறுத்துப்போக, ஓலையோடு ஓலை உரசும் ஓசை, அறைக்குள்ளேயே யாரோ பாய் விரித்துச் சுருட்டி மறுபடி விரிப்பதுபோல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாவது டியூப்பிலும் அடுத்த மூக்கில் ஒரு சொட்டு இல்லை. காற்று மட்டும் வந்தது. அதில் மண்வாடை இல்லை, சாக்கடை வாடையும் இல்லை. தூங்கி எழுந்தவர் முகத்தருகே பேசினால் வருமே, அந்த வெதுவெதுப்பு.

பதினோராவது டியூப் பாதியில் நின்றது. அப்பாடா, நிரம்பிவிட்டது என்று நினைத்தான். அப்போது துப்பாக்கியின் தண்டு அவன் உள்ளங்கைக்கு எதிராகப் பின்னால் நகர்ந்தது. நிதானமாக. கீழிருந்து ஒருவர் அழுத்துவதுபோல்.

அவன் எழுந்து கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்கு ஹால்ல படுங்க தங்கச்சி."

"ஏண்ணே?"

"ரெசின் வாடை. புள்ளைக்கு ஆகாது."

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மறுநாள் மதியம் வந்து பார்த்தான். இறுகிய பசையையும் பிளந்துகொண்டு கோடு ஓடியிருந்தது. ஒரு சாண் இடைவெளி இரண்டு விரல் அகலமாகியிருந்தது. அவளை அப்போதே வீட்டைவிட்டுக் கிளப்பியிருக்க வேண்டும். என்னவென்று தெரியாமல் என்ன சொல்லிக் கிளப்புவது? முதலில் பார்ப்போம் என்று கோட்டுக்கு வெளியே மண்டியிட்டு, உள்பக்கமாகக் கை எட்டும் இடத்தில் பெரிய டிரில்லை வைத்துத் தரையை வட்டமாகத் துளைத்தான். நாலு அங்குலம் போனதும் டிரில் சட்டென்று வெறுமையில் விழுந்தது.

மணிக்கட்டு பருமனுக்கு ஒரு துண்டு கழன்று வந்தது. மேலே சாம்பல் நிறக் கான்கிரீட், அடியில் கட்டியாக ஒட்டிய ரெசின். எதன்மேல் பட்டாலும் அதன் அச்சை அப்படியே எடுத்துக்கொள்ளும் பொருள் அது. இலை நரம்பு, சாக்கின் பின்னல், எல்லாம் பதிந்து பார்த்திருக்கிறான்.

துண்டைத் திருப்பினான்.

நுண்ணிய கோடுகள். சுழிசுழியாக. ஒரு சுழி. பக்கத்தில் இன்னொன்று.

விரல் நுனிகள். கீழிருந்து மேலே அழுத்தியவை.

இறுகும்வரை அங்கேயே இருந்திருக்கின்றன. பிறகு விலகியிருக்கின்றன.

துளையைப் பார்த்தான். இருட்டு.

"தே ஓ குடிங்கண்ணே. எவ்ளோ நேரமா குனிஞ்சே இருக்கீங்க."

நஜீபா. அவன் நிமிர்ந்தான். கோப்பையோடு அவள் வந்து நின்றிருந்தாள். கோட்டுக்கு உள்ளே.

"வெளிய... தங்கச்சி, வெளிய வா!"

"என்னண்ணே?"

டிக்.

நகம் கண்ணாடியில் பட்டதுபோல் ஒரு சத்தம். அந்த இரண்டு விரல் இடைவெளி இப்போது இல்லை.

அவள் அசையவில்லை. கோப்பைக்குள் தேநீர் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவன் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள். விரல்கள் தொடுமுன்பே, அவள் நின்ற தரை ஒரு விரற்கடை தாழ்ந்தது. இன்னும் ஒன்று.

அவள் பாதத்துக்குப் பக்கத்தில் இருந்த துளையிலிருந்து, ரெசின் பூசி மினுமினுத்த நான்கு விரல்கள் மேலே வந்தன. மடங்கின. விளிம்பைப் பற்றிக்கொண்டு, கீழ்நோக்கி இழுத்தன.