சங்கேத வார்த்தை வெள்ளரிப்பிஞ்சு!

டிர்ர்ர்ரிங்...!

காலை பதினோரு மணி. சிவகாசியில் கனகசபாபதியின் பட்டாசு லேபிள் அச்சகம். முதலாளி காகிதம் வாங்க விருதுநகர் போயிருந்தார்.

கிளார்க் தேவமணி ரிசீவரை எடுத்தாள்.

"விருதுநகர் டிரங்க் கால். பேசுங்க" என்றாள் எக்ஸ்சேஞ்ச்காரி.

கொர்ரென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"தேவமணி... முதலாளி பேசுறேன். தொண்டை கட்டிருச்சு. வெள்ளரிப்பிஞ்சு!"

தேவமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெள்ளரிப்பிஞ்சு!

அது சங்கேத வார்த்தை. போன சீசனில் எவனோ முதலாளி மாதிரி போனில் பேசி, இரண்டு பண்டல் லேபிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே கனகசபாபதி சட்டம் போட்டார். போனில் யார் என்ன கேட்டாலும் முதலில் வார்த்தை. வார்த்தை இல்லாமல் குண்டூசிகூட வெளியே போகக்கூடாது. மீறினால் வேலை காலி!

"சொல்லுங்க முதலாளி."

"நம்ம மெஷின் பத்தாது. மயில் லேபிளைத் திருத்தங்கல் பிரஸ்ல அடிச்சுக்கலாம். பலவேசம்னு ஒரு ஆளு வண்டியோட வருவான். மயில் கல்லைக் குடுத்து விடு."

டொக்!

மயில் கல்!

இந்தத் தீபாவளியின் மொத்த ஆர்டருக்குமான மயில் படம் அந்த ஒற்றை அச்சுக்கல்லில்தான் வரைந்து கிடந்தது. நகல் கிடையாது. அது போனால் சீசன் போச்சு. பதினெட்டுப் பேர் தெருவில்!

மெஷின்மேன் ஊர்க்காவலன் மை படிந்த கையைத் துடைத்தபடி வந்தான்.

"வார்த்தை சொன்னாராக்கா?"

"டக்குனு சொன்னாரு."

"அப்புறம் என்ன? தூக்கிருவோம்."

"அங்கனதான்லே இடிக்குது..."

அவன் காதில் ஏதோ சொன்னாள். ஊர்க்காவலன் வாயைப் பிளந்தான். பின்வாசல் வழியாக ஓடினான்.

அரைமணியில் பலவேசம் வந்தான். எண்ணெய் வழியும் மீசை. ஒற்றை மாட்டு வண்டி.

வைக்கோல் வைத்துச் சாக்கில் தைத்த கல்லை இரண்டு பேர் முக்கி ஏற்றினார்கள்.

"பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"தாராளமா! விரல் பட்டா மயிலுக்கு மூக்கு போயிரும். முதலாளிக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க."

பலவேசம் அவசரமாக மாட்டை முடுக்கினான்.

டிர்ர்ர்ரிங்...!

மறுபடி விருதுநகர்!

"தேவமணி! நான்தான்!"

"வார்த்தை?"

"என்ன வார்த்தை?"

"சங்கேத வார்த்தை முதலாளி."

"அடச்சே... பீர்க்கங்காய்!"

"இல்ல."

"புடலங்காய்?"

"இல்ல."

"கொடியில காய்க்குமே... ஏத்தா, உனக்குச் சம்பளம் குடுக்கிறவன்த்தா நான்!"

"நீங்கதான் முதலாளி. சொல்லுங்க."

"இங்கன பேப்பர் கடையில எவனோ நம்ம மயிலைப் பத்தி விசாரிச்சானாம். எவனாவது கல்லைக் கேட்டா..."

"கேட்டான் முதலாளி. இப்பத்தான் வண்டி போகுது."

மறுமுனையில் ஒரு அலறல்!

"கல்லைக் குடுத்துட்டியா?"

"கல்லைத்தான் குடுத்தேன்."

"ஐயோ! குடியைக் கெடுத்துட்டியே!"

"எதுத்த இட்லிக்கடை சுப்புத்தாயக்காவோட அம்மிக்கல்லை."

"அம்மிக்கல்லா?"

"மயில் இங்கனதான் இருக்கு. வண்டி எவன் பிரஸ்ஸுக்குள்ள நுழையுதுன்னு பாக்க ஊர்க்காவலன் சைக்கிள்ல போயிருக்கான்."

கனகசபாபதிக்கு மூச்சு திரும்பியது.

"கள்ளப்பயன்னு எப்படித்தா கண்டுபிடிச்ச? வார்த்தை தெரியாம முழிச்சானா?"

"இல்ல முதலாளி. எடுத்த எடுப்பிலேயே சரியாச் சொல்லிட்டான். எட்டு மாசத்துல நீங்க ஒரு வாட்டிகூடச் சரியாச் சொன்னதில்லையே!"

டிரங்க் கால் காசு மட்டும் ஓடியது.

"சரி... வார்த்தையை மாத்திருவோம். பரம ரகசியம்! கொர்ர்ர்... ங்காய்."

"கேக்கல முதலாளி!"

"கொர்ர்ர்... ரங்காய்!"

"கொத்தவரங்காயா? முதலாளி... கொத்-த-வ-ரங்-கா-யா?"

தேவமணி கத்திய கத்தலில் தெருவில் போன சைக்கிள்கள் நின்றன.

எதிர்க்கடையிலிருந்து சுப்புத்தாய் பதில் குரல் கொடுத்தாள்...

"கொத்தவரங்காய்தான் தாயி! எங்களுக்கெல்லாம் நல்லாக் கேட்டுருச்சு... முதலாளியை மட்டும் மறந்துறச் சொல்லு!"