கைராசி எண்

விடிந்ததும் திருமூர்த்தி தன் வலது கையைக் கழுவுவார். அதைப் பார்ப்பதற்கென்றே ஐம்பதாயிரம் பேர் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். சோப்பு கிடையாது, வெறும் பன்னீர். கழுவித் துடைத்து, உள்ளங்கையைக் கேமராவுக்கு நேராக விரித்து, "நல்லதே நடக்குமுங்க" என்பார். நிகழ்ச்சி அவ்வளவுதான். இதைப் பார்க்காமல் கடை திறக்காத வியாபாரிகள் கோயம்புத்தூரில் இருந்தார்கள். இடது கையை அவர் தம் சேனலில் ஒருநாளும் காட்டியதில்லை. பாவம், அது காபி டம்ளரைப் பிடிக்கவும் கொசு அடிக்கவும் மட்டும் பயன்பட்டது.

அவர் சாமியாரில்லை, கார் விற்பவர். அவினாசி சாலையில் ஒரு பெரிய ஷோரூமின் முகமே அவர்தான். கார் விற்பதற்கும் கை கழுவுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், அவர் பழைய காலத்து ஆள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருந்தது. இப்போது ஓடுவதெல்லாம் ஓட்டுநர் இல்லாத தானோட்டிகள். ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, இடித்துக்கொள்ளாமல் போக வேண்டுமென்றால் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஒரே உடல், ஒரே மின்கலம், ஊர் முழுக்க ஒரே விலை. பேரம் பேச ஒன்றுமே இல்லை. பேரம் பேசாமல் நம் ஆட்களுக்குக் கத்தரிக்காய் வாங்கினாலே தூக்கம் வராது. வண்டியில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாமல் போனதும், விற்கிறவரைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். "என்ன வண்டி?" என்ற கேள்வி போய், "யார் கையால வாங்குனீங்க?" என்ற கேள்வி வந்தது.

சம்பிரதாயங்கள் மட்டும் குறையவில்லை. தானோட்டிக்குச் சாவியே கிடையாது. ஆனாலும் டெலிவரியின்போது ஒரு முழ நீளத்துக்கு அலங்காரச் சாவி கொடுத்தாக வேண்டும். எலுமிச்சம்பழம் பெரிய தொல்லையாக இருந்தது. சக்கரத்தின் அடியில் பழத்தை வைத்தால் வண்டி அதை இடையூறு என்று கண்டுகொண்டு, மரியாதையாகச் சுற்றிப் போனது. அபசகுனம் என்று பெண்கள் அழுதார்கள். பிறகு தொழிற்சாலையே 'எலுமிச்சை அனுமதி' என்று ஒரு கட்டளையைச் சேர்த்துக் கொடுத்தது.

கைராசி என்பது வாய்வார்த்தையாக இருந்தவரை பரவாயில்லை. அதை யாரோ எண்ணாக மாற்றினார்கள். வண்டி வாங்கியவர் வீட்டில் அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதை வண்டிகளை இணைக்கும் வலையமைப்பு கவனித்துக்கொண்டே இருக்கும். குழந்தை பிறந்தால், வேலையில் உயர்ந்தால், வியாபாரம் செழித்தால், விற்றவரின் எண் ஏறும். ஆஸ்பத்திரி, வழக்கு, சாவு என்றால் இறங்கும். அவர் வண்டி தர மறுத்த வீட்டில் கெட்டது நடந்தாலும் எண் ஏறும், கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று கணக்கு. நூற்றுக்கு எத்தனை என்பது விற்பவரின் பெயருக்குப் பக்கத்திலேயே ஒளிரும். திருமூர்த்திக்குத் தொண்ணூற்றாறு. மேற்கு மாவட்டங்களில் அவருக்கு மேல் ஆளில்லை.

அந்த எண்ணை அவர் ஒரு கைக்குழந்தையைப் போல வளர்த்தார். யாருக்கும் கை கொடுப்பதில்லை, வெளியே போனால் உறை. துக்க வீடுகளுக்குப் போவதில்லை. சொந்தத் தாய்மாமன் இறந்தபோதுகூடத் தெருமுனையில் வண்டிக்குள் உட்கார்ந்து போனிலேயே பார்த்தார். அம்மா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் வெளியில் தெரிகிற வேலை. தெரியாத வேலையைச் செய்தது அவர் காதுக்குள் இருந்த முன்னறிவி. கடைக்குள் நுழைகிறவரின் நடை, குரல், பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு நொடியில் மேய்ந்துவிட்டு அது ஒரே ஒரு சொல் சொல்லும். 'கொடுக்கலாம்' என்றால் சாவி. 'தவிர்க்கவும்' என்றால் அந்த வீட்டில் ஏதோ இழப்பு வரப்போகிறது. என்ன இழப்பு, ஏன் என்பது சட்டப்படி முத்திரையிட்டிருக்கும். இழப்பு நடந்து முடிந்த பிறகுதான் விற்பவர் அதைத் திறந்து பார்க்கலாம். திருமூர்த்தி எதையும் திறந்து பார்த்ததில்லை. தெரிந்து என்ன செய்வது என்று விட்டுவிட்டார்.

இல்லை என்ற சொல்லை நல்ல விற்பனையாளர் யாரும் வாயில் எடுப்பதில்லை. "உங்க வண்டி இன்னும் வந்து சேரலைங்க" என்பார்கள். பின்னால் வரிசையாக வண்டிகள் நிற்கும். கேட்டவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விடுவார். அதற்கு என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் பூங்கோதை வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் பூவும் பழமும் வெற்றிலையும். பின்னால் மகள் தளிர். ஷோரூமின் நேரலைக் கேமராக்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன.

"வாங்க்கா, வாங்க. என்ன, ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்க?"

"சொல்லிட்டு வர்றதுக்கு நான் என்ன வெளியாளுங்களா தம்பி? நம்ம தளிருக்குக் கல்யாணம் கூடியிருக்குது. பல்லடத்து மாப்பிள்ளை, தங்கமான பையன். ஒரு சீரும் கேக்கலைங்க. வண்டி வாங்கறதுன்னா மட்டும் திருமூர்த்தி கையால வாங்கோணும்னு சம்பந்தி சொல்லிட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்தக் கைய ஊருக்குக் காட்டுனதே நாந்தானுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

அது உண்மைதான். ஒரு காலத்தில் திருமூர்த்தி என்ற பெயர் யாருக்கும் தெரியாது. வண்டிக்கு முன்னால் ஆடிப் பார்த்தார், பாடிப் பார்த்தார், எல்லா வண்டிக்கும் பொதுவான சிறப்புகளை மூச்சுவிடாமல் சொல்லிப் பார்த்தார். அவர் சேனலை மனைவியும் மனைவியின் தங்கையும் பார்த்தார்கள். அப்போதுதான் பூங்கோதை அவரிடம் வண்டி வாங்கினார். மூடிக் கிடந்த அவர் தையல் கூடத்துக்கு அந்த வாரமே வெளிநாட்டு ஆர்டர் வந்தது. "இந்தத் தம்பி கை ராசிங்க" என்று அவர் அழுதுகொண்டே பேசிப் போட்ட காட்சியை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். திருமூர்த்தியின் பெயர் அன்றைக்குத்தான் பிறந்தது.

"உக்காருங்க்கா, காபி சொல்றேன்" என்றார் திருமூர்த்தி.

'தவிர்க்கவும்' என்றது காது.

தவறாகக் கேட்டிருக்கும் என்று காதுமடலைத் தட்டினார். மறுபடியும் அதே சொல். தளிர் ஒரு நீல வண்டியின் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிடு, நம் அக்கா என்றது நெஞ்சு. ஆனால் ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் முந்நூறு டெலிவரி. எண் இரண்டு குறைந்தால் அதில் பாதி, அடுத்த இடத்தில் இருக்கும் ஈரோட்டுக்காரரிடம் போய்விடும். கல்யாண வீட்டில் வரும் இழப்புக்கு எடை அதிகம். இதையெல்லாம் அவர் யோசித்து முடிப்பதற்குள் பழகிய வாய் பேசிவிட்டது.

"உங்க வண்டி இன்னும் வந்து சேரலைங்க்கா."

பூங்கோதையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என்ன செய்வதென்று அதற்கே தெரியவில்லை. பிறகு அவர் அருகில் வந்து, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"யாருக்குங்க தம்பி? எனக்குங்களா, எங்க வீட்டுக்காரருக்குங்களா? அம்மிணிக்கு இல்லீங்களே?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க்கா."

"எனக்குன்னாச் சொல்லிருங்க. நான் தாங்கிக்குவேன்."

திருமூர்த்திக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. காதில் ஒரு கருவி இருப்பதை வெளியில் சொன்னால் உரிமம் போய்விடும். பூங்கோதை மேசை மேல் வைத்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இது இங்க இருக்க வேண்டாமுங்க. நாலு பேரு நல்ல காரியத்துக்கு வந்து போற இடம்."

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் நேரலையின் கீழே 'கை பேசிருச்சு, கை பேசிருச்சு' என்று பின்னூட்டங்கள் குவிந்தன. பல்லடத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். பெண்மேல் ஒரு குறையும் இல்லை, ஆனால் இப்படி ஆன பிறகு மனசு ஒப்பவில்லை என்று மிகவும் பணிவாகச் சொன்னார்.

மறுநாள் திருமூர்த்தியின் எண் தொண்ணூற்றேழு ஆனது. ஷோரூமில் மைசூர்பாகு கொடுத்தார்கள். அவரும் ஒரு துண்டை வாயில் போட்டார். யாரும் பார்க்காதபோது காகிதத்தில் துப்பிவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எண் ஏறியிருக்கிறது என்றால் இழப்பு பதிவாகிவிட்டது. பதிவாகிவிட்டது என்றால் முத்திரை திறக்கும். முதல்முறையாக அவர் அதைப் போனில் திறந்தார்.

இழப்பு: மகளின் திருமணம் நின்றுபோதல்.

காரணம்: விற்பனையாளர் வண்டி தர மறுத்தல்.

இரண்டு மூன்று முறை படித்தார்.

"நான் மறுப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"நான் தவிர்க்கவும் என்று சொன்ன யாருக்கும் நீங்கள் கொடுத்ததில்லை" என்றது முன்னறிவி.

"நீ எதுக்குத் தவிர்க்கச் சொன்னே?"

"இழப்பு வரும் என்பதால்."

"கொடுத்திருந்தா?"

"கொடுத்திருந்தால் இழப்பு எதுவும் தென்படவில்லை."

அதன் குரலில் வஞ்சகம் ஏதும் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து விடையைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய முத்திரைகள் சிலவற்றையும் திறந்தார். ஒருவருக்கு உண்மையாகவே நெஞ்சடைப்பு. அடுத்தவருக்குக் கூட்டாளி பிரிந்துபோனது. காரணம், விற்பனையாளர் மறுத்தல். அதற்கடுத்தவருக்கு வேலை போனது, அதே காரணம். அதற்கு மேல் திறக்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரம் தள்ளிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை செவிக்கருவியைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டு, பூங்கோதையின் வீட்டுக்குப் போனார். திட்டுவார், அழுவார் என்றுதான் நினைத்துப் போனார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

பூங்கோதை அவரைக் கண்டதும் கும்பிட்டார்.

"வாங்க தம்பி. நானே வந்து சொல்லோணும்னு இருந்தேன். மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயி உச்சி முதல் பாதம் வரைக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டமுங்க. ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. பெருசா வர இருந்தது கல்யாணத்தோட போயிருச்சு. உங்க கைதானுங்க எங்களக் காப்பாத்துச்சு."

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. எதுவும் வர்றதா இருக்கலைங்க. நான் மறுத்ததுதான் கெட்டது. என் காதுல ஒரு மெஷின் இருக்குதுங்க, அது சொல்றதத்தான் நான் சொல்றேன். கையாவது மண்ணாவது. நான் வண்டி கொடுத்திருந்தாக் கல்யாணம் நல்லபடியா நடந்திருக்கும். கெடுத்தது நாந்தானுங்க்கா."

பூங்கோதை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க தம்பி. எங்க பொண்ணுக்குப் பேரு கெட்டுரக் கூடாதுன்னு பழிய நீங்க தூக்கிக்கறீங்க. இந்த மனசு இருக்கறதாலதான் கைல ராசி நிக்குது."

"நிஜமாச் சொல்றேனுங்க்கா!"

"இருங்க, காபி கொண்டாறேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

இத்தனை வருடம் பாடுபட்டுத் திருமூர்த்திதான் நம்ப வைத்திருக்கிறார். இனி அவரே வந்து பொய் என்று சொன்னாலும் எடுபடாது. திருமூர்த்தி வெட்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தபோது கதவோரம் தளிர் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நிஜமுங்களா மாமா?"

"நிஜந்தான் கண்ணு."

"கொடுத்திருந்தா நடந்திருக்குமுங்களா?"

"நடந்திருக்கும்."

அவள் நம்பினாள். அந்த வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டும் என்று அவர் வந்திருந்தார். நம்பியதும் அவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தளிர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. மிக நிதானமாக, ஏற்கெனவே யோசித்து வைத்தவளைப் போலப் பேசினாள்.

"பல்லடத்துல இருந்து அவரு இன்னும் எனக்குப் போன் பண்ணிட்டுத்தான் இருக்காருங்க. அவங்கப்பாதான் பிடிவாதமா இருக்காரு. அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. உங்க சேனல்ல வந்தா மட்டும் கேப்பாரு. அம்மாகிட்ட இப்பச் சொன்னீங்களே, அதே வார்த்தைய அதுல சொல்லுவீங்களா?"

"சொல்றேன் கண்ணு" என்றார். அந்த நொடி அவர் மனசாரத்தான் சொன்னார்.

"எப்பங்க மாமா?"

உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

"இந்த ஆயுத பூஜை மட்டும் முடியட்டும்."

தளிர் எழுந்தாள்.

"அதுக்குள்ள அவருக்கு வேற பக்கம் பேசி முடிச்சுருவாங்க மாமா" என்றாள்.

அது திருமூர்த்திக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.